சம்ப்பும் தினாக்கோவும்: மெக்சிகோ நகரத்தில் ஒரு ஃபுட் வால்வ் மாற்றிய மூன்று நாட்கள்

2024 பிப்ரவரி 3, சனிக்கிழமை காலை. சமையலறைக் குழாயைத் திறந்தேன். நூல் மாதிரி கொஞ்சம் தண்ணீர் வந்தது, புஸ்ஸென்று காற்று வந்தது, அப்புறம் ஒன்றும் வரவில்லை. சிங்க் நிறைய முந்தின இரவின் பாத்திரம்.

அந்தப் பாத்திரங்களுக்கு ஒரு காரணம் உண்டு. ஜனவரி 6ஆம் தேதி இங்கே ரோஸ்கா தெ ரேயெஸ் என்று வளைய வடிவில் ஒரு ரொட்டி வெட்டுவார்கள். உள்ளே சின்னதாக ஒரு குழந்தைப் பொம்மை ஒளிந்திருக்கும். யாருடைய துண்டில் பொம்மை வருகிறதோ, அவர் பிப்ரவரி 2, காந்தெலாரியா நாளன்று எல்லாருக்கும் தமாலெஸ் வாங்கித் தரவேண்டும். கீழ் வீட்டில் வெட்டிய ரொட்டியில் பொம்மை எங்கள் மகளுக்கு வந்தது. அதனால் வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்கார அம்மா, பக்கத்து வீட்டுப் பெரியவர், எதிர்வீட்டுக் குடும்பம் எல்லாரும் எங்கள் வீட்டில். மக்காச்சோள மாவை அதன் மடலிலேயே சுற்றி ஆவியில் வேகவைத்த தமாலெஸ் நாற்பது வாங்கி வைத்தோம். கூடவே நான் தேங்காய்ச் சட்னி அரைத்திருந்தேன், பச்சைத் தமாலோடு அது நன்றாகவே சேர்ந்தது. எல்லாரும் கிளம்ப இரவு பதினொன்று ஆனது. வீட்டுக்கார அம்மா விடியற்காலையில் தங்கையைப் பார்க்க குவெர்னவாக்கா போய்விட்டார். திங்கட்கிழமை அரசியல் சாசன நாள் விடுமுறை என்பதால் சனி முதல் திங்கள் வரை நீண்ட விடுமுறை. இப்படி விடுமுறைகள் சேர்ந்து வருவதை இங்கே புவேந்தே, அதாவது பாலம் என்கிறார்கள். அந்தப் பாலத்தின் மேல் ப்ளொமேரோ, அதாவது பிளம்பர், யாரையும் பிடிக்க முடியாது. மூன்று பேருக்கு அழைத்தேன். ஒருவர் செவ்வாய் வருகிறேன் என்றார், மற்ற இருவர் எடுக்கவில்லை.

எங்கள் வீடு போர்த்தாலெஸ் பகுதியில், மெட்ரோ 2ஆம் தடத்தில் அதே பெயருள்ள நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. பழைய வீடு. கீழே வீட்டுக்கார அம்மா, மேலே நாங்கள் மூவர். 2023 ஜூலையில் என் வேலைக்காக இங்கே வந்தோம். தெருக்குழாயில் வருகிற தண்ணீர் முற்றத்துக்கு அடியிலுள்ள தொட்டியில் விழும். அங்கிருந்து மோட்டார் அதை மொட்டை மாடிக்கு ஏற்றும். மாடித் தொட்டியிலிருந்து அது தானாக வீட்டுக்குள் இறங்கும். சென்னையில் தனி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சம்ப் இங்கே சிஸ்தேர்னா. மோட்டார் போம்பா. மொட்டை மாடி அசொத்தேயா. மாடித் தொட்டி தினாக்கோ. நாம் எந்தப் பிளாஸ்டிக் தொட்டியையும் சிண்டெக்ஸ் என்பதுபோல இங்கே எல்லாம் ரோத்தோப்ளாஸ். தண்ணீர் லாரிக்குப் பெயர் பீப்பா. இந்தச் சொல்லை முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் நம் பீப்பாய் போர்த்துகீசியர் விட்டுப்போன அதே சொல்தான். மேசையும் துவாலையும் அலமாரியும் அப்படித்தான். ஸ்பானிஷில் அவை மேசா, தோஆயா, அர்மாரியோ. மொழி வகுப்பில் ஆறு மாதம் படித்தும் வராத நெருக்கம் இந்த மாதிரிச் சொற்களில் வந்துவிடுகிறது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முற்றத்து மூலையில் ஒரு மரக்கூண்டுக்குள் போம்பா இருக்கிறது. ½ குதிரைத்திறன், 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். தானாக ஓடி நிற்பதற்கான மிதவை சுவிட்ச் பல வருடங்களாகவே வேலை செய்யவில்லை. வீட்டுக்கார அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் கையால் சுவிட்சைப் போடுவார், மேலே தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டதும் நிறுத்துவார். அன்று அவர் இல்லை என்பதால் நான் போட்டேன். மோட்டார் ஓடியது. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் ஆகியும் மாடியில் தண்ணீர் விழும் சத்தமே இல்லை. மோட்டாரின் தலைப்பகுதியைத் தொட்டால் சுட்டது.

அப்பாவுக்கு வீடியோ அழைப்பு போட்டேன். மெக்சிகோ நகரத்துக்கும் சென்னைக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். 2022இல் இங்கே கோடைக்கால நேர மாற்றத்தை நிறுத்திவிட்டதால் வருடம் முழுக்க அதே கணக்கு. இங்கே காலை எட்டரை, அங்கே இரவு எட்டு. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“முதல்ல மோட்டார நிறுத்தும்மா. தண்ணி இல்லாம ஓடினா சீல் போயிடும்.”

நிறுத்தினேன்.

“சம்ப்ல தண்ணி இருக்கா?”

இரும்பு மூடியைத் தூக்கி ஒரு துடைப்பக் கம்பை விட்டுப் பார்த்தேன். ஈரம் 1.20 மீட்டர் வரை ஏறியிருந்தது.

“ஓடும்போது சத்தம் எப்படி இருந்துச்சு? கனமாவா, வெறும் டப்பா மாதிரியா?”

வெறும் டப்பா மாதிரிதான்.

“அப்ப ஏர் புடிச்சிருக்கு. தண்ணி ஊத்திப் பாரு.”

மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் தொட்டேன். இங்கே சர்க்யூட் பிரேக்கருக்குப் பஸ்தியா என்று பெயர், அதாவது மாத்திரை. பார்வைக்கும் அப்படித்தான் இருக்கும். பஸ்தியாவை இறக்கியபின் போம்பாவின் தலையிலுள்ள திருகு மூடியைக் கழற்ற வேண்டும். அதற்கு ஸ்பானர் வேண்டும், எங்களிடம் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போய் நின்றேன். முந்தின இரவு ஐந்து தமாலும் சட்னியும் சாப்பிட்டவர் என்பதால் தயக்கமில்லாமல் கேட்க முடிந்தது. “வெசீனா, பெரீக்கோ வேண்டுமா, ஸ்டில்ஸன் வேண்டுமா?” என்று கேட்டார். வெசீனா என்றால் பக்கத்து வீட்டுக்காரி. பெரீக்கோ என்றால் கிளி. திருகித் திருகி வாயைப் பெரிதும் சிறிதும் ஆக்கும் ஸ்பானருக்கு அதுதான் பெயர், அதன் அலகைப் பார்த்தால் பொருத்தம் புரியும். ஸ்டில்ஸன் நம் பைப் ரிஞ்ச். இரண்டையும் எடுத்துக்கொண்டு அவரும் கூடவே வந்தார்.

குடிக்க வாங்கி வைத்திருந்த 20 லிட்டர் கேனிலிருந்து மூன்று லிட்டர் எடுத்து அந்தத் துளையில் ஊற்றினேன். இப்படி ஊற்றுவதை இங்கே செபார் என்கிறார்கள். ஆடு மாட்டுக்குத் தீனி போட்டுக் கொழுக்க வைப்பதற்கும் இதே சொல்தான். தண்ணீர் விளிம்பு வரை வந்தது. கண்முன்னாலேயே களகளவென்று இறங்கியும் போனது. ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

அப்பா திரையில் இதைப் பார்த்துவிட்டு, “ஃபுட் வால்வ்” என்றார். அவ்வளவுதான், திரும்பச் சாப்பிடப் போனார்.

இதை ஏன் உறுதியாகச் சொல்ல முடிகிறது என்பதை எழுதிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். உறிஞ்சும் குழாயின் அடி நுனியில், தண்ணீருக்குள், ஒருவழித் தடுப்பான் ஒன்று இருக்கும். மோட்டார் நின்றதும் அது மூடிக்கொண்டு குழாயிலுள்ள தண்ணீரைக் கீழே இறங்காமல் பிடித்து வைக்கும். சாதாரண மையவிலக்கு மோட்டாரால் காற்றை இழுக்க முடியாது, குழாய் நிறையத் தண்ணீர் இருந்தால்தான் அது வேலை செய்யும். தடுப்பான் சரியாக இருந்தால் நீங்கள் ஊற்றிய தண்ணீர் அப்படியே நிற்கும். வெளிக்குழாய் மூட்டுகள் எல்லாம் உலர்ந்திருந்து, ஊற்றியது மட்டும் இறங்கிப் போகிறது என்றால் அடியில் தடுப்பான் பிடிக்கவில்லை என்று அர்த்தம். மேலே ஏதோ மூட்டில் காற்று இழுத்தாலும் மோட்டார் இதேபோல வெறுமனே ஓடும். ஆனால் அப்போது, மூடியைத் திறந்து ஊற்றும் தண்ணீர் இவ்வளவு வேகமாகக் காணாமல் போகாது.

இந்த ஊருக்கென்று இன்னொரு கணக்கும் உண்டு. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குழாய்க்குள் தண்ணீரை மேலே தள்ளுவது வெளியிலுள்ள காற்றின் அழுத்தம்தான். அந்த அழுத்தம் இங்கே சென்னையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவே. சென்னையில் ஒரு மோட்டார் கணக்குப்படி அதிகபட்சம் சுமார் 10 மீட்டர் ஆழத்திலிருந்து உறிஞ்சலாம் என்றால், இங்கே 8 மீட்டர்கூட வராது. நடைமுறையில் இரண்டுமே இதைவிடக் குறையும். எங்கள் தொட்டி இரண்டு மீட்டர் ஆழம்தான் என்பதால் கவலையில்லை. ஆனால் ஆழமான தொட்டி உள்ள வீட்டில் ஊர்க்கணக்கை அப்படியே போட்டால் தவறிவிடும்.

வீட்டுக்கார அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினேன். “செய் மகளே, ஆனால் ஜாக்கிரதை, தொட்டிக்குள் மட்டும் இறங்காதே” என்று பதில் வந்தது. சரியான எச்சரிக்கை. மூடிய தொட்டிக்குள் இறங்குவது எந்த ஊரிலும் உயிருக்கு ஆபத்து.

கடைக்குக் கிளம்பும் முன் மரக்கூண்டின் கதவைச் சாத்தினேன். அதன் உட்பக்கத்தில் பென்சிலால் சில வரிகள் இருந்தன. தேதிகள், எண்கள், எனக்குத் தெரியாத சொற்கள். மறைந்த வீட்டுக்காரரின் கையெழுத்தாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு த்லாபலெரியா. பெயின்ட், ஆணி, குழாய், கயிறு, பல்பு எல்லாம் விற்கும் கடை. நகரம் முழுக்க இப்படிக் கடைகள் உண்டு. இந்தச் சொல் ஸ்பானிஷ் வேரில் வந்ததல்ல, நிறத்தைக் குறிக்கும் த்லாபல்லி என்ற நாவாட்டில் சொல்லிலிருந்து வந்தது. நாவாட்டில் அஸ்தெக்குகளின் மொழி. நம் தக்காளிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும், நாம் சப்போட்டா என்கிற பெயரும் அங்கிருந்து கிளம்பி வந்தவைதான்.

ஃபுட் வால்வுக்கு ஸ்பானிஷ் பெயர் தெரியாது. ஒரு தாளில் குழாய், அதன் அடியில் சல்லடை, அதற்குள் மேலே எழும்பும் ஒரு தட்டு என்று வரைந்து காட்டினேன். கடைக்காரர் ஒரு பார்வைதான் பார்த்தார். “ஆ, பிச்சாஞ்சா!”

அந்தச் சொல்லை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை.

“ஒரு இஞ்சா, முக்கால் இஞ்சா?” என்றார். அளவு எடுக்காமல் வந்திருந்தேன். திரும்பி வீட்டுக்கு ஓடினேன். குழாயைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, அடையாளம் வைத்து, அளவுகோலில் வைத்தேன்: பத்தரை சென்டிமீட்டர். 3.14ஆல் வகுத்தால் 33.4 மில்லிமீட்டர். அது ஒரு இஞ்ச் இரும்புக் குழாயின் வெளி விட்டம். கடைக்குப் போகத் திரும்பியபோது கதவின் உட்பக்கம் கண்ணில் பட்டது. பென்சில் எழுத்தில் தெளிவாக இருந்தது: “பிச்சாஞ்சா, 1 இஞ்ச், 2011.” எனக்குத் தேவையான சொல்லும் அளவும் காலையிலிருந்து என் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்திருக்கின்றன.

அப்பா, “வேணும்னா நம்ம ஊர்ல இருந்து நல்ல பித்தளை வால்வ் ஒன்னு யார்கிட்டயாவது குடுத்து விடறேன்” என்று சொல்லியிருந்தார். அது பொருந்தாது. இந்தியக் குழாய்களின் மரை பிரிட்டிஷ் அளவு, இங்கே அமெரிக்க அளவு. அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் இரண்டுக்குமே ஒரு இஞ்ச் நீளத்தில் 14 மரை இருப்பதால் ஓரளவு ஏறிவிடும். ஊரிலிருந்து நாங்கள் கொண்டுவந்த கழிப்பறைக் கைக்குழாய் ரப்பர் வாஷர் உதவியோடு அப்படித்தான் மாட்டியிருக்கிறது. ஆனால் ஒரு இஞ்ச் குழாயில் அங்கே 11 மரை, இங்கே பதினொன்றரை. இரண்டு சுற்று ஏறும், பிறகு சிக்கிக்கொள்ளும். இன்னும் பலமாகத் திருகினால் மரை அழியும்.

வெண்கலத்தில் ஒன்று வாங்கினேன். பிளாஸ்டிக்கிலும் இருந்தது, விலையும் குறைவு, ஆனால் பன்னிரண்டு வருடம் உழைத்தது வெண்கலம்தான். டெஃப்லான் டேப் இரண்டு சுருள், ஒரு கம்பித் தேய்ப்பான், அப்புறம் துருப்பிடித்த மரைக்கு அடிக்கும் எண்ணெய் ஒன்று. அதன் பெயர் அஃப்லோஹாதோதோ. எல்லாவற்றையும் தளர்த்துவது என்று பொருள்.

எல்லாவற்றையும் அது தளர்த்திவிடவில்லை. போம்பாவுக்கும் உறிஞ்சும் குழாய்க்கும் நடுவே உள்ள யூனியன் நட்டு துருவால் ஒட்டிப் போயிருந்தது. எண்ணெய் அடித்து அரை மணி நேரம் விட்டோம். பெரியவர் ஸ்டில்ஸனின் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கினார், என் கணவர் போம்பாவை அசையாமல் பிடித்துக்கொண்டார். மூன்றாவது முயற்சியில் ‘டக்’ என்று விட்டுக்கொடுத்தது.

காத்திருந்த அந்த அரை மணி நேரம்தான் எனக்கு அன்றைக்குக் கிடைத்த பெரிய லாபம். பெரியவர் தலைகீழாகக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, முற்றத்தின் தரையைக் காட்டினார். ஒரு மூலை மற்றதைவிட நன்றாகத் தாழ்ந்திருந்தது. இந்த நகரத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஏரி. ஏரியின் களிமண் மேல் ஊர் நிற்கிறது, அடியிலுள்ள நீரை உறிஞ்ச உறிஞ்சக் களிமண் அமுங்குகிறது, ஊர் இறங்குகிறது. மோசமான இடங்களில் வருடத்துக்கு அரை மீட்டர் வரை. எல்லா இடமும் ஒரே அளவில் இறங்காததால் மண்ணுக்குள் குழாய்கள் முறிகின்றன. நகரத்துக்குள் விடும் தண்ணீரில் ஏறக்குறைய 40 விழுக்காடு கசிந்தே போகிறது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மீதிக்காக வெளியிலிருந்தும் கொண்டுவருகிறார்கள். 1982இல் ஓடத் தொடங்கிய குத்சமாலா அமைப்பு மேற்கே உள்ள அணைகளிலிருந்து தண்ணீரை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றி, மலை தாண்டி அனுப்புகிறது. நகரத்துத் தண்ணீரில் கால் பங்கு அளவு அதுதான். அந்தப் பிப்ரவரியில் அந்த அணைகளில் கொள்ளளவில் 40 விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தது. ஊரெங்கும் அதே பேச்சு. எங்கள் தெருவில் இரவு பதினொன்றிலிருந்து விடியற்காலை வரை மட்டும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டதையும், லாரி வரும் சத்தத்துக்கு அம்மா குடத்தோடு மாடியிலிருந்து இறங்கி ஓடியதையும் எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் சிறுவயதில் இந்தத் தெருவில் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் மாடி வரை ஏறியது என்றார்.

குழாயை மேலே தூக்கினோம். இரண்டேகால் மீட்டர் நீளம், தண்ணீரும் துருவுமாக நல்ல கனம். அதன் அடியில் பழைய பிச்சாஞ்சா வெள்ளைப் பாறைபோல இருந்தது. இந்த ஊர்த் தண்ணீரின் உப்புப் படிவம், சார்ரோ என்கிறார்கள். கெட்டிலிலும் குழாய் முனையிலும் தினமும் பார்க்கிற அதே படிவம்தான். அது தட்டு உட்காரும் இடத்தில் ஏறி மூடவிடாமல் செய்திருக்கிறது. வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தோம். படிவம் போனது, ஆனால் அடியிலிருந்த ரப்பர் வளையம் தேய்ந்து ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. குழாயை நிமிர்த்தி மேலிருந்து தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் இன்னும் ஒழுகியது. அதற்கு ஓய்வு கொடுத்தோம்.

இன்னொன்றையும் கவனித்தேன். பழையது தொட்டித் தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர்தான் மேலே இருந்தது. அடியில் தங்கும் சேற்றை நேராக உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. குழாய்க்கும் வால்வுக்கும் நடுவே இருந்த துண்டுக் குழாயை மாற்றி, ஏழு சென்டிமீட்டர் குட்டையான ஒன்றைப் போட்டேன். இப்போது பன்னிரண்டு சென்டிமீட்டர் இடைவெளி. மாட்டுவதற்கு முன் புதிய வால்வோடு குழாயைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். ஒரு சொட்டும் இறங்கவில்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் தொட்டிக்குள் இறக்காதீர்கள், தவறென்றால் எல்லா வேலையையும் மறுபடி செய்ய நேரிடும்.

திரும்ப மாட்டி, தண்ணீர் நிரப்பி, பஸ்தியாவை ஏற்றினேன். பதினைந்து விநாடி வெறும் சத்தம். அப்புறம் அது கனத்தது. மாடியிலிருந்து மகள் கத்தினாள்: “அம்மா, கொட்டுது!”

ஆனால் யூனியன் நட்டிலிருந்து சொட்டியது. நான் அதன் மரையில் டெஃப்லான் டேப்பை ஆறு சுற்றுச் சுற்றியிருந்தேன். அதனால் பயனே இல்லை. யூனியனில் தண்ணீரைத் தடுப்பது மரை அல்ல, உள்ளே ஒன்றோடொன்று அழுந்தும் இரண்டு உலோக முகங்கள். நட்டு அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது, அவ்வளவே. கழற்றி, அந்த முகங்களிலிருந்த துருவை மெல்லிய உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்து எடுத்து, டேப் இல்லாமல் மாட்டினேன். நின்றுவிட்டது. 1,100 லிட்டர் தொட்டி நிறைய இருபத்தேழு நிமிடம். பாத்திரம் தேய்த்து முடித்தபோது மதியம் மூன்றரை.

ஞாயிற்றுக்கிழமை அந்த மிதவை சுவிட்சைச் சரிசெய்யலாம் என்று உட்கார்ந்தேன். இதற்கு எலெக்த்ரோநிவெல் என்று பெயர். போர்த்தாலெஸ் சந்தையைச் சுற்றிய தெருக்களில் பழைய சாமான்கள் விரித்து வைத்து விற்பார்கள். பெரியவர் சொன்னபடி அங்கே போய் எனக்கென்று ஒரு ஸ்டில்ஸனும் ஒரு மல்டிமீட்டரும் வாங்கினேன். மிதவைகள் இரண்டையும் மட்டும் புதிதாகவே வாங்கினேன், மின்சாரம் போகிற பொருளில் பழையது வேண்டாம். மின்னோட்டம் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து வாங்க வேண்டும். அதே குதிரைத்திறன் மோட்டார் நம் ஊர் 230 வோல்ட்டில் இழுப்பதைப்போல இங்கே 127 வோல்ட்டில் கிட்டத்தட்ட இருமடங்கு ஆம்பியர் இழுக்கும். வயரும் அதற்கேற்ற தடிமன் வேண்டும்.

இணைப்பின் தத்துவம் எளிது. ஒரு மிதவை சிஸ்தேர்னாவில், ஒன்று தினாக்கோவில், இரண்டும் ஒரே கம்பியில் வரிசையாக. கீழே தண்ணீர் இருக்க வேண்டும், அதே நேரம் மேலே குறைந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் மோட்டார் ஓடும். ஒவ்வொரு மிதவையிலும் மூன்று கம்பி வருகிறது. எதை எடுத்தால் நிமிர்ந்தபோது இணையும், எதை எடுத்தால் தொங்கும்போது இணையும் என்பதை நிறத்தை நம்பாமல், கையில் மிதவையைத் தூக்கியும் தாழ்த்தியும் மல்டிமீட்டரில் பார்த்தேன். மாடிக்குப் போகும் பழைய வயர் குழாய்க்குள் நல்ல நிலையில் இருந்ததால் புதிதாக இழுக்க வேண்டியிருக்கவில்லை.

என் தவறு எடைக்கல்லில். மிதவையின் வயரில் ஒரு எடை மாட்டுவோம், அதுதான் மிதவை சுழலும் மையம். மிதவைக்கு மிக அருகில், ஒரு சாண் தூரத்தில் மாட்டிவிட்டேன். மேலே இரண்டு வாளித் தண்ணீர் குறைந்தாலே மோட்டார் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. மோட்டாருக்கு அது கெடுதல். எடையை நாற்பது சென்டிமீட்டர் தள்ளி மாட்டியபின் தொட்டியில் பாதிக்கு மேல் இறங்கிய பிறகே ஓடுகிறது.

மாடியில் வேலை செய்யும்போது தொட்டியையும் கழுவிவிட்டேன். சோப்பு வேண்டாம், பிரஷ்ஷும் கொஞ்சம் குளோரினும் போதும். மூடியை இறுக்கமாகத் திருகிவைக்க வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா எப்போதும் சொல்வார். தென்கிழக்கே வானம் தெளிந்த காலைகளில் எங்கள் மாடியிலிருந்து பொப்போகதெபெத்ல் எரிமலை புகைவது தெரியும். 2023 மே மாதம் அதன் சாம்பலால் விமான நிலையத்தையே சில மணி நேரம் மூடினார்கள். அடியில் தேங்கியிருந்த அரை வாளிக் கறுப்பு வண்டலை விரலால் தேய்த்துப் பார்த்தேன், நறநறத்தது.

திங்கட்கிழமை காலை வெந்நீர் வரவில்லை. குளிர்ந்த தண்ணீர் நன்றாக வருகிறது, போய்லெர் மட்டும் பற்றவில்லை. ஆமாம், இங்கேயும் அதற்கு அதே பெயர்தான். பாட்டி வீட்டுச் செம்பு வெந்நீர்ப் பாய்லரைச் சொல்கிற தொனியிலேயே இங்கே பாட்டிகள் போய்லெரைச் சொல்கிறார்கள். எங்களுடையது கேஸில் எரிவது, தண்ணீர் போதிய வேகத்தில் ஓடினால்தான் பற்றும். சனிக்கிழமை தொட்டி காலியானபோது வெந்நீர்க் குழாய்க்குள் காற்று புகுந்து அடைத்திருக்கிறது. மாடித் தொட்டியிலிருந்து எங்களுக்குக் கிடைக்கும் உயரமே மூன்று மீட்டர்தான், காற்றைத் தள்ளும் அளவுக்கு அதில் அழுத்தம் இல்லை.

தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் வானத்தைப் பார்த்து ஒரு மெல்லிய குழாய் நிற்கும், தொட்டியின் தலையைவிட உயரமாக. ஹாரோ தெ ஐரே என்பார்கள். காற்று வெளியேறுவதற்காகவே வைப்பது. எங்களுடையதை யாரோ ஒரு காலத்தில் குட்டையாக வெட்டி மூடி போட்டு அடைத்திருந்தார்கள். குட்டையாக இருந்ததால் வழிந்திருக்கும், அதற்காக அடைத்திருப்பார்கள். மூடியை வெட்டி எடுத்து, நாற்பது சென்டிமீட்டர் குழாயை ஒட்டி உயர்த்தினேன். பிறகு வீட்டிலேயே தாழ்வாக உள்ள வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்தேன். இரண்டு நிமிடம் இருமியது, துப்பியது. அப்புறம் உள்ளே டிக் டிக் டிக், நீலச் சுடர்.

வீட்டுக்கார அம்மா இரவு ஒன்பதுக்கு வந்தார். பையைக்கூட இறக்காமல் முற்றத்துக் குழாயைத் திறந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து மேலே அளவு இறங்கியிருக்க வேண்டும், யாரும் தொடாமல் போம்பா தானே ஓடத் தொடங்கியது. அவர் அப்படியே நின்று கேட்டார். அது தானாக நிற்கிற வரை, ஏறக்குறைய கால் மணி நேரம், முற்றத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு பென்சிலோடு வந்து மரக்கூண்டின் கதவைத் திறந்தார்.

“அவர் ஒவ்வொன்றையும் எழுதிவைப்பார். நீயும் எழுது.”

2011க்குக் கீழே ஸ்பானிஷில் எழுதினேன்: பிச்சாஞ்சா, 1 இஞ்ச், வெண்கலம், 3 பிப்ரவரி 2024. அடுத்த வரியில் எலெக்த்ரோநிவெல், இரண்டும் புதிது. உன் எழுத்திலும் ஒரு வரி எழுது என்றார். தமிழில் எழுதி, அதைப் படித்தும் காட்டினேன்: “யூனியன் நட்டில் டேப் சுற்ற வேண்டாம்.”